பட்டன் கல்லில் அறுபத்து நாலு தலை

ஹக்கீம் ராவுத்தருக்கு நான் தர வேண்டியிருந்தது இருபத்து மூவாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். என் பெண்டாட்டி மாரீஸ்வரிக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது வாங்கிய முப்பதாயிரத்தில் சம்பளத்தில் பிடித்தது போக மீதி. அந்தத் தொகையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சந்தேகமெல்லாம் அதற்குக் கீழே பச்சை மையில் எழுதியிருந்த வரியின் மேல்தான். ‘அனாமத்து. 24 தலை. தலைக்கு 800. ஆக 19,200.’

அனாமத்து என்றால், நட்டம் ஆனது தெரியும், யார் பேரில் எழுதுவது என்று இன்னும் தெரியாது என்று அர்த்தம். கமிஷன் கடையில் மூட்டை குறைந்தால் அப்படித்தான் எழுதி வைப்பார்கள். பேர் தெரியாத அந்த வரியை என் சீட்டில், என் கடனுக்கு நேர் கீழே எழுதியிருந்தார்கள்.

தலை என்றது மனுசத் தலையை இல்லை.

உத்தமபாளையத்தில் ராவுத்தர் வீட்டு முன்கூடத்தில் ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. உள்ளே உப்புத் தண்ணீர், கடல் கல், மீன் நாலு, மற்றபடி பவளங்கள். அவருக்கு ஏலக்காயும் திராட்சையும் வியாபாரம். சரக்கு விஷயமாகக் கொச்சிக்குப் போனபோது ஒரு கடையில் இப்படி ஒரு தொட்டியைப் பார்த்து ஆசைப்பட்டுப் போட்டது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்கு முன்னால் இருபத்தாறு வருசம் ஓடைப்பட்டித் திராட்சைப் பந்தல்களில் கவாத்து வெட்டினேன், மருந்தடித்தேன். மருந்து டேங்கைச் சுமந்து சுமந்து இடுப்பு எலும்பு நகர்ந்துவிட்டது. கடலை நான் பார்த்தது ஒரே தடவைதான், அப்பாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போனபோது. ஆனாலும் இரண்டு வருசமாக வாரா வாரம் டிரம்மில் கடல் தண்ணீர் கலக்குகிறேன்.

அந்தத் தொட்டிக்குக் கடைசியாகக் கொச்சிக் கடையிலிருந்து வந்தது பட்டன் கல். உள்ளங்கை அகலம் இருக்கும். அதன்மேல் சட்டைப் பொத்தான் அளவில் பவளத் தலைகள் நெருக்கமாக முளைத்திருந்தன. நடுவில் ஆரஞ்சு, சுற்றிப் பச்சைப் பாவாடை. விளக்கு எரிந்தால் விரியும், அணைந்தால் சுருங்கிக்கொள்ளும். வந்த அன்று எண்ணினோம், அறுபத்து நாலு தலை.

அன்றைக்கு ராவுத்தர் மகள் ஷர்மினைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரும் நாள். புதுக் கல் எது வந்தாலும் தனி வாளியில் மருந்துத் தண்ணீர் கலந்து பத்து நிமிசம் முக்கியெடுக்க வேண்டும். கல்லின் சந்து பொந்தில் டிக்கெட் எடுக்காமல் ஏறி வருகிறவை பல உண்டு. நத்தை, புழு, நண்டுக் குஞ்சு என்று எது வேண்டுமானாலும் இருக்கும். நான் வாளியை எடுத்தேன்.

“இப்ப எதுக்குப்பா அதெல்லாம்? ஆளுக வந்துருவாக. சட்டுனு உள்ள வையி, விரியட்டும்” என்றார் முதலாளி.

வைத்தேன். விரிந்தது. வந்தவர்களும் பார்த்து அசந்துபோனார்கள். கல்யாணம் பேசி முடிந்தது.

மூன்றாவது வாரத்தில் முதல் தலை காணாமல் போனது.

அழுகிப் போகவில்லை, கறுத்துப் போகவில்லை. முந்தின நாள் தலை இருந்த இடத்தில் மறுநாள் வெறும் கல் இருந்தது. அடுத்து இரண்டு. ஒரு நாள் விட்டு இன்னொன்று. முதலாளி விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து டீ கிளாஸோடு கண்ணாடி முன்னால் நின்று எண்ணத் தொடங்கினார். நான் ஏழு மணிக்கு உள்ளே நுழையும்போதே அன்றைய எண்ணிக்கை காத்திருக்கும்.

என் சந்தேகம் தொப்பிச் சிப்பிகள் மேல் விழுந்தது. அந்தப் பேரும் நான் வைத்ததுதான். நத்தைக்கு உள்ள சுழி கிடையாது, வாயை மூடும் கதவு கிடையாது, கவிழ்த்த தொப்பி போலக் கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடக்கும். சிலவற்றுக்கு உச்சியில் ஒரு ஓட்டையும் இருக்கும். பார்க்க அசிங்கம். யாரும் காசு கொடுத்து வாங்கி விட்டதில்லை, அதுவாக வந்தது. பட்டன் கல்லுக்குப் பக்கத்திலேயே இரண்டு ஒட்டியிருந்தன. போதாதா? தொட்டுப் பார்த்துவிட்டு எடுக்கப் போனால் அது கல்லைக் கவ்விக்கொள்ளும், பிறகு இரும்புக் கம்பிக்கும் அசையாது. பழைய ஏடிஎம் கார்டை அதற்குத் தெரியாமல் அடியில் சரக்கென்று செருக வேண்டும். ஒரு வாரத்தில் பதினொன்றை எடுத்துக் கொல்லைப்புறம் போட்டுக் குதிகாலால் நசுக்கினேன்.

தலைகள் குறைந்துகொண்டே வந்தன. கூடுதலாகக் கல்லில் பாசி படர்ந்தது. சிப்பிகள் தின்றுகொண்டிருந்தது அந்தப் பாசியைத்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை நான் நுழையும்போது முதலாளியோடு அஷ்ரப்பும் நின்றுகொண்டிருந்தார். அஷ்ரப் முதலாளியம்மாவின் தம்பி, கடைக் கணக்கு முழுக்க அவர் கையில். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“ஏப்பா சுருளி, நேத்து நாப்பத்திரெண்டு இருந்துச்சுல்ல?”

“ஆமா முதலாளி.”

“இன்னைக்கு நாப்பது. ரெண்டு எங்கன போச்சு?”

“தெரியலையே முதலாளி.”

“தெரியலைன்னா? காலு மொளச்சா போயிருச்சு?”

“காலு இல்லாத சாமானுக்குக் கையி உள்ள ஆளு வேணும் மச்சான்” என்றார் அஷ்ரப். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தொட்டியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

நான் வாளியைக் கீழே வைத்தேன். “கல்லோட ஏதோ வந்திருக்கு தம்பி. தொப்பிச் சிப்பின்னு நெனச்சேன், அது இல்ல போல. தேடிக்கிட்டு இருக்கேன்.”

“கொச்சிக் கடைக்காரர்கிட்டப் பேசியாச்சு. அவரு கல்லுல ஒண்ணும் கெடையாதாம். வீட்டுல வேற யாரும் கை வைக்கிறாகளான்னு பாருங்கங்கிறாரு.”

விற்றவன் அப்படித்தானே சொல்வான்? ஆனால் அந்த வீட்டில் கொச்சிக்காரன் பேச்சுக்கு இருந்த மதிப்பு எனக்கு இல்லை.

“சரி, நத்தைதான்னு வச்சுக்குவோம்” என்றார் அஷ்ரப். “ஓடைப்பட்டியில நீங்க அடிக்கிற மயில்துத்தத்துல நத்தை சாகும்ல? ஒரு சிட்டிகை போட்டுற வேண்டியதுதான?”

“அய்யய்யோ, வேணாம் தம்பி. துத்தம்னா செம்பு. செம்பு பட்டா மீனு வேணா பொழைக்கும், நத்தை, பவளம் அத்தனையும் போயிரும். அதுக்குப் பயந்துதான் என் செப்புக் காப்பைக்கூடக் கழட்டி வாசல்ல வச்சிட்டு வர்றேன்.”

“ஓஹோ. அப்ப ஒங்க தோட்டத்துக் கையில ஒட்டியிருக்கிற துத்தமே வேலையைக் காட்டியிருக்கலாம்?”

“அப்படின்னா எல்லாத் தலையும் ஒண்ணாச் சாகும். இப்படி ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டுச் சாகாது.”

சொன்ன பிறகுதான் புரிந்தது. அஷ்ரப் மெதுவாகத் தலையாட்டினார்.

“நீங்களே சொல்லிட்டீக. ஒண்ணொண்ணா எண்ணி எடுக்கிறது விஷமில்ல. கையிதான்.”

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. வாசலில் மாட்டியிருந்த என் துணிப்பையை அஷ்ரப் எடுத்துவந்து முதலாளி முன்னால் கொட்டினார். சாப்பாட்டுத் தூக்கு, வெற்றிலை, தொட்டி நோட்டு, ரப்பர் கையுறை, அதோடு என் கவாத்துக் கத்திரி. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தோட்டத்தில் அரை நாள் கவாத்து வெட்டப் போவேன், சனிக்கிழமையே அதைத் தீட்டிப் பையில் போட்டுவிடுவேன். அஷ்ரப் அதை எடுத்து விரித்து மூடினார். நன்றாகத் தீட்டியது, சத்தமே வரவில்லை.

“மொட்டு நறுக்குறதுல இருபத்தாறு வருசம் சர்வீசு மச்சான். கல்லைப் பாருங்க, எம்புட்டுச் சுத்தமா நறுக்குன மாதிரி இருக்கு.”

“முதலாளி, அந்தப் பட்டன்ல விஷம் இருக்கு. நறுக்குனா பீய்ச்சியடிக்கும். வெறுங்கையால நறுக்குனவன் ஆஸ்பத்திரியிலதான் கெடப்பான். கொச்சிக்காரரே சொன்னாக, நீங்களும் கேட்டீக.”

“அதுக்குத்தான கையுறை” என்றார் அஷ்ரப், அதையும் தூக்கிக் காட்டி.

முதலாளி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சீட்டைக் கொண்டுவரச் சொல்லி அஷ்ரப்பிடம் அந்தப் பச்சை மை வரியை எழுதச் சொன்னார். “வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு பேசுவோம். அதுவரைக்கும் இது அனாமத்துலயே இருக்கட்டும்” என்றார். கத்திரி அஷ்ரப்பிடமே இருந்தது. மறுநாள் காலை தொட்டிக்கு மேலே ஒரு கேமரா மாட்டினார்கள். அது ஆளைப் பிடிக்க வைத்தது. தொட்டி விளக்கு அணைந்ததும் அதில் ஒன்றும் தெரியாது. கள்ளன் பகலில், கையில் வாளியோடு வருகிறவன் என்று முடிவுகட்டிவிட்டவர்களுக்கு அது போதும்.

பத்தொன்பதாயிரம் என்பது எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். அதைக்கூட எப்படியாவது உழைத்துக் கட்டிவிடலாம். கள்ளன் என்று ராவுத்தர் வீட்டிலிருந்து வெளியே அனுப்பினால், கம்பத்திலிருந்து சின்னமனூர் வரைக்கும் எந்த வாசலில் போய் வேலை கேட்பது? இந்த இடுப்போடு திரும்பப் பந்தலுக்கும் போக முடியாது.

மாரீஸ்வரியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, நான் ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீகளே?”

“கேளு.”

“நெசத்தைச் சொல்லுங்க. ஒண்ணு ரெண்டு எடுத்தீகளா?”

“ஏ மாரி, நீயுமா?”

“இல்லங்க. என் வயித்துல இருந்த கல்லுக்குத்தான கடன் வாங்குனீக. சரி, அவுக கல்லுல நாலு கிள்ளிக் கடனைக் கழிச்சிட்டீகளோன்னு ஒரு நெனப்பு.”

“கிள்ளி எங்கன கொண்டு போய் விப்பேன்? வாரச்சந்தையில கூறு கட்டியா?”

அவள் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “எடுக்கலைன்னா எதுக்கு இப்படி வேர்க்குது ஒங்களுக்கு?” என்றாள். பதினெட்டு வயதிலிருந்து கூட இருக்கிறவளே இப்படிக் கேட்கும்போது அஷ்ரப்பை என்ன சொல்ல?

அந்த ஐந்து நாளும் நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். ராத்திரியில் அஷ்ரப்பே எடுக்கிறாரோ? கொச்சிக்காரன் செத்துப்போகிற தலைகளாகப் பார்த்து ஒட்டிக் கொடுத்துவிட்டானோ? கடன் தீராமல் என்னைக் கட்டிப்போட முதலாளியே இந்தக் கணக்கை எழுதுகிறாரோ? நாலு மீன்களையும் ஒவ்வொன்றாக நின்று முறைத்தேன். கேமரா என் பிடரியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கண்ணாடி துடைத்தேன், குறைந்த தண்ணீரை ஊற்றினேன், மணலில் மல்லாந்து கிடந்த நத்தைகளை நிமிர்த்தி வைத்தேன். அதுவும் என் வேலைதான். பாசி தின்பதற்கென்று காசு கொடுத்து வாங்கிவிட்ட நத்தைகள் இருபது இருக்கின்றன. மல்லாந்து விழுந்தால் சிலதால் தானாகப் புரள முடியாது, மீன் கொத்திவிடும்.

வியாழக்கிழமை எண்ணிக்கை முப்பத்தாறு. கேமரா மாட்டியும் நான்கு குறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி இருக்கும். முதலாளி பள்ளிவாசலிலிருந்து வந்து தொட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளியம்மா ரம்லத் அடுப்படி நிலைப்படியில் நின்றார்கள். அஷ்ரப் போனைக் கையில் வைத்திருந்தார். பிடித்துவிட்டவன் முகம் அது.

“மூணு தடவை கையி மாட்டியிருக்கு மச்சான். பாருங்க. திங்கக்கிழமை பதினொண்ணு பத்து.”

போனில் என் முதுகு தெரிந்தது. கையுறை போட்ட என் கை தண்ணீருக்குள் இறங்கியது. நேராகப் பட்டன் கல்லுக்குப் போனது. விரல்கள் குவிந்திருந்தன. கல்லின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. வெளியே வந்தது.

“செவ்வாக்கிழமை.” அதே கை. அதே கல்.

“நேத்து.” அதே.

“வேற எந்தக் கல்லையும் தொடலை. மூணு நாளும் அதே கல்லு. இதுக்கு என்ன சொல்றீக சுருளியண்ணே?”

எனக்கே என் கை கள்ளன் கையாகத்தான் தெரிந்தது.

“எடுக்கலை தம்பி. வச்சேன்.”

“என்னத்தை வச்சீக?”

“நத்தையை. கீழ மல்லாந்து கெடந்துச்சு. எடுத்து நிமித்தி வச்சேன்.”

அஷ்ரப் வாய்விட்டுச் சிரித்தார். “கேட்டீகளா மச்சான்? நத்தைக்குப் பிரசவம் பாத்தாராம்.”

முதலாளி சிரிக்கவில்லை. “திரும்பப் போடு” என்றார். “மெதுவாப் போடு. பெருசாக்கு.”

பெரிதாக்கிப் போட்டார். விரல் நுனிகளுக்கு நடுவில் வட்டமாக ஒன்று தெரிந்தது. அதை எனக்குத் தெரியும். அழகான நத்தை. வட்டப் படிக்கட்டை மேலிருந்து பார்த்தது போலச் சுழி, ஓடு முழுக்கப் பழுப்பும் வெள்ளையுமாகக் கட்டம். மற்ற நத்தைகளை எடுத்த வேகத்தில் வைத்துவிடுவேன். இதை மட்டும் கொஞ்சம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன். பட்டன் கல்லுக்குக் கீழேதான் கிடக்கும் என்பதால் பட்டன் கல்லின் மேலேயே வைப்பேன்.

“செவ்வாக்கிழமையதையும் காட்டுங்க” என்றேன். அதிலும் அதுதான். நேற்றும் அதேதான்.

இருபது நத்தையில் இது மட்டும் எதற்கு எப்போதும் அங்கேயே விழுகிறது?

இரண்டு வருசமாக அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறேன். பாசி தின்னும் நத்தை ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு நாள் கண்ணாடியில் ஏறி என் துணிக்கு வழிவிட்டிருக்கிறது. இந்தக் கட்டம் போட்டது ஒரு நாள்கூடக் கண்ணாடிக்கு வந்ததில்லை. காசு கொடுத்து வாங்கின இருபதில் இது இருந்ததா என்று யோசித்தேன். இல்லை. இதை நாங்கள் வாங்கவே இல்லை.

தோட்டத்தில் நாற்றை ராத்திரியில் ஒரு புழு வெட்டிப்போடும். காலையில் இலையெல்லாம் புரட்டித் தேடுகிறவன் புதுசாக வேலைக்கு வந்தவன். பழகினவன் வெட்டுப்பட்ட நாற்றுக்கு அடியிலேயே இரண்டு விரல் மண்ணைக் கிளறுவான். தின்ற இடத்திலேயே சுருண்டு படுத்திருக்கும். இருபத்தாறு வருசம் அதைச் செய்தவன், இங்கே வந்து அசிங்கமாக இருந்த குற்றத்துக்குத் தொப்பிச் சிப்பிகளைக் கொன்றுகொண்டிருந்தேன். பட்டன் கல்லை ஒரு தடவைகூடத் தூக்கிப் பார்க்கவில்லை. விஷம் என்ற பயம், எண்ணூறு ரூபாய்த் தலை என்ற பயம்.

“அம்மா, ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு குடுங்க” என்றேன்.

ரம்லத் அம்மா கேள்வி கேட்காமல் கொண்டுவந்தார்கள். தட்டில் தொட்டித் தண்ணீரை விட்டேன். கையுறை போட்டேன். “கேமரா ஓடுதுல்ல தம்பி? நல்லா ஓடட்டும்” என்று சொல்லிவிட்டுப் பட்டன் கல்லை அப்படியே தூக்கித் தட்டில் கவிழ்த்தேன்.

அடிப்பக்கம் ஒரு பள்ளம். அதில் மிளகு மிளகாக ஆறு குட்டி நத்தைகள். எல்லாவற்றுக்கும் அதே கட்டம், அதே படிக்கட்டு. பக்கத்தில் சவ்வரிசிக் கூழ் வழித்துவிட்டது போல முட்டை. பெரியதை முதலில் காணோம். கல்லைச் சாய்த்தபோது தெரிந்தது. ஓரத்தில், சுருங்கியிருந்த ஒரு தலைக்கும் இன்னொரு தலைக்கும் நடுவில் பதுங்கியிருந்தது. ஊசி முனை மாதிரி ஒரு மூக்கை அந்தத் தலைக்குள் விட்டிருந்தது. வெளிச்சத்தைப் பார்த்தும் எடுக்கவில்லை. அத்தனை ருசி.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதுதானா?”

“இதுதான் முதலாளி. டிக்கெட் எடுக்காம வந்தது.”

அஷ்ரப் விடவில்லை. “அதென்ன மச்சான், இன்னைக்குன்னு பாத்துத் தட்டைக் கேட்டாரு, தூக்குனாரு, கெடைச்சிருச்சு? இவரே எங்கயாச்சும் வாங்கி உள்ள விட்டிருந்தா?”

“எங்கடா வாங்குவாரு, போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுலயா?” என்றார்கள் ரம்லத் அம்மா.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீ ஒரு நோட்டு எழுதுவீல்ல. எடு.”

தொட்டி நோட்டை எடுத்துக் கொடுத்தேன். உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, தண்ணீர் எத்தனை குடம் என்று தேதி போட்டு எழுதுவேன். என் எழுத்தைப் படிப்பது கொஞ்சம் சிரமம். நாற்பத்து மூன்று வயதில் எழுதப் பழகிய கை அது. முதலாளி பக்கங்களைப் பின்னால் புரட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். உதடு அசையப் படித்தார். ‘ஞாயிறு. பட்டன் கல் வந்தது. 64 தலை. முக்கவில்லை. முதலாளி வேண்டாம் என்றார்.’

அஷ்ரப் எட்டிப் பார்த்தார். முதலாளி நோட்டை மூடிவிட்டார்.

அப்போதே நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் அந்தக் கேமராவில் இருந்தது என் கைதான். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அஷ்ரப் அதைக் கேட்பார்.

“முதலாளி, ஒண்ணு சொல்லிர்றேன். நத்தை கல்லோட வந்துச்சு. ஆனா அது கீழ விழுந்தப்பல்லாம் தூக்கித் திரும்பக் கல்லுல விட்டது நான்தான். கேமராவுல மூணு தடவை. அதுக்கு முன்ன எத்தனைன்னு எனக்கே தெரியாது. நல்ல நத்தைன்னு நெனச்சேன். அழகா இருந்துச்சு.”

முதலாளி தாடியைத் தடவினார். கடையில் உட்காரும் முகம் வந்துவிட்டது அவருக்கு.

“சரி. முக்காம வைக்கச் சொன்னது நான். தூக்கித் தூக்கி விட்டது நீ. கடையில சரக்கு அழுகுனா, ரெண்டு பக்கமும் தப்பிருந்தா, பாதிப் பாதி. பத்தொம்பதாயிரத்து எறநூறுல ஒம்பதாயிரத்து அறநூறு ஒம் பேரு, ஒம்பதாயிரத்து அறநூறு எம் பேரு. இந்த வாரம் போன நாலையும் நான் ஏத்துக்கிறேன். ஞாயந்தான?”

வியாபாரத்தில் நியாயம்தான்.

“எழுதிக்கங்க முதலாளி. அப்படியே இன்னொரு வரியும் சேத்து எழுதுங்க. சனிக்கிழமையிலருந்து ஆறு நாளு நான் இந்த வீட்டுல கள்ளன். பையைக் கொட்டுனீக, கத்திரியை வாங்கி வச்சுக்கிட்டீக, பிடரியில கேமராவை மாட்டுனீக. எம் பொண்டாட்டியே என்னைக் கேட்டுட்டா. அதுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு போட்டு எழுதுங்க. பாதிப் பாதி வேணாம். அதுல எந் தப்பு ஒண்ணும் இல்ல.”

அந்த வீட்டில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அஷ்ரப் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நிலைப்படியிலிருந்து ரம்லத் அம்மா கையைக் காட்டினார்கள்.

“நீ சும்மா இரு அஷ்ரப். ஏங்க, இங்க பாருங்க. ஒருத்தர் மேல பொய்யாப் பழி போட்டா அது நம்ம கழுத்துல இருக்கிற கடன். இப்பத்தான் ஜும்மா தொழுதுட்டு வர்றீக. அந்த மனுசன் பொறுத்துக்கிட்டாத்தான் தீரும், நீங்க எத்தனை தொழுதாலும் தீராது. மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். மறுமைக்கு மூட்டை கட்டிக்கிட்டுப் போகாதீக. இங்கனயே தீத்துருங்க.”

முதலாளி திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பொறுத்துக்கப்பா சுருளி” என்றார்.

குரல் தணிந்துதான் வந்தது. அது மனசிலிருந்து வந்ததா, மறுமைக்குப் பயந்து வந்ததா, இல்லை மகள் கல்யாணத்துக்காக வந்ததா என்று எனக்குச் சந்தேகம். ஒரு வாரம் சந்தேகத்திலேயே கிடந்தவனுக்கு அது அவ்வளவு சீக்கிரம் விடாது போலிருக்கிறது. நான் பதில் சொல்லவில்லை.

அவர் புரிந்துகொண்டார். சீட்டை வாங்கினார். பேனாவால் பச்சை மை வரியைக் குறுக்கே அடித்தார். பிறகு பேனா மேலே போனது. இருபத்து மூவாயிரத்து நானூற்று அறுபதையும் அடித்தது.

“அது எதுக்கு முதலாளி? அது நான் நெசமாவே வாங்குனது.”

“இது நான் நெசமாவே குடுக்க வேண்டியது” என்றார்.

அஷ்ரப் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் என் கவாத்துக் கத்திரி இருந்தது. துணிப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வெறுமனே அடிச்சா அழிச்ச மாதிரி இருக்கும் முதலாளி” என்றேன். “நாளைக்கு யாராச்சும் நானே அடிச்சேன்னு சொல்லுவாக. எழுதுங்க.”

முதலாளி எழுதினார். தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார். அஷ்ரப்பையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார். கையுறையைக் கழற்றி, கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கி, கூடத்து வெளிச்சத்தில் நின்று விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். ‘சுருளிராஜன் பேரில் உள்ள பாக்கி முழுவதும் தள்ளுபடி. இனி அவர் எனக்கும், நான் அவருக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை.’

இரண்டாவது வாக்கியத்தைத் திரும்ப ஒரு தடவை படித்தேன். ‘நான் அவருக்கும்’ என்பதை எழுதும்போதே, என் மேல் பழி போட்ட கடனையும் அவரே சேர்த்து முடித்துவிட்டார். கெட்டிக்காரர். அந்த முடிவு என் வாயிலிருந்து வர வேண்டியது. யார் மேலும் நம்பிக்கை வராத ஒரு வாரத்துக்குப் பிறகு, கையில் பிடித்துக்கொள்ள அந்தச் சீட்டாவது இருந்தது. நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

பிறகுதான், “பொறுத்துக்கிட்டேன் முதலாளி” என்றேன்.